ஏழாம் மெஷின்

காலையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. புது லைன் சூப்பர்வைசர் யார் என்று மதியச் சங்கு ஊதுவதற்குள் மேனேஜரிடம் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். இந்தத் தையல் ஃப்ளோருக்கு நான்தான் இன்சார்ஜ். போன மாதம் யார் அதிகமாகக் காலர் தைத்தாரோ அவருக்குத்தான் பதவி, அதுதான் விதி. அதன்படி ஒன்றாம் மெஷினில் இருக்கும் என் மச்சினன். பேப்பரில் எழுதியும் விட்டேன். அப்புறம் எதற்கு இந்தக் குடைச்சல் என்கிறீர்களா? எல்லாம் ஏழாம் மெஷின் அக்காவால்தான்.

எட்டு வருஷமாக வாயே திறக்காத மனுஷி, இன்று வந்ததும் வராததுமாக நேரே என் மேஜைக்கு வந்தார்.

"தம்பி, மூணாவது தடவையா என்னைத் தாண்டிப் போகுது. நான் ஏன் பின்னாடி நிக்கிறேன்னு இன்னைக்காவது பாருங்க. ஒரு மணி நேரம் உங்க மச்சானையும் என்னையும் எடம் மாத்தி விடுங்க. அப்புறம் யார் பேரை வேணா எழுதுங்க."

எனக்குச் சுருக்கென்றது. சொந்தக்காரனுக்குச் சலுகை காட்டுகிறேன் என்கிறாரா? "தாராளமா!" என்றேன், ஃப்ளோர் முழுக்கக் கேட்கும்படி.

மச்சினன் ஏழில் உட்கார்ந்தான். பத்து நிமிஷத்தில் நூல் நாலு முறை அறுந்தது. "மாமா, இதெல்லாம் ஒரு மெஷினா? இதுல மனுஷன் தைப்பானா?" என்று கத்தினான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்றாம் மெஷின் பக்கம் போனேன், வந்தேன், மறுபடியும் போனேன். அங்கே காலர்கள் மளமளவென்று குவிந்துகொண்டிருந்தன. ஒரு மணி நேரம் முடிந்தபோது அக்காவிடம் நாற்பத்திரண்டு. இவனிடம் பதினொன்று, அதிலும் மூன்று பிரித்துத் தைக்க வேண்டியவை.

ஓடிப்போய் மெக்கானிக்கைக் கூட்டி வந்தேன். அவர் மூடியைக் கழற்றி, உள்ளே தேய்ந்து கிடந்த ஒரு கொக்கியை மாற்றினார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

"இதுக்கா இத்தனை வருஷம்? யாரும் சொல்லலையா?" என்றார் மெக்கானிக்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் நூல் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்: "வந்த புதுசுல சொன்னேன். 'உங்க கைக்குத்தான்க்கா அது அடங்கும், நீங்களே வெச்சுக்கோங்க'ன்னு தம்பிதான் சொன்னீங்க. பாராட்டுறீங்கன்னு நெனச்சு வீட்ல போய்ப் பெருமையா வேற சொன்னேன்."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு நான் பாராட்டத்தான் செய்தேன். முணுமுணுத்தவனுக்கெல்லாம் நல்ல மெஷினாகப் பார்த்துக் கொடுத்தவனும் நான்தான்.

மச்சினன் பெயரை அடித்தேன். "வீட்டுக்கு வாங்க மாமா, இருக்கு உங்களுக்கு!" என்றான் அவன். இருக்கட்டும்.

மேனேஜர் புதுப் பெயரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "இவங்க எண்ணிக்கை ரொம்பக் கம்மியாச்சே?"

"அது அவங்க குறை இல்ல சார். என்னோடது. ஓட்டை மெஷினைக் குடுத்துட்டு எண்ணிக்கை கேட்டேன்."

"அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா? உங்க ஃபைல்ல ஏறும், பாத்துக்கோங்க."

சங்கு ஊத ஆரம்பித்தது.

"பேனா குடுங்க சார்" என்றேன்.