வர மறுத்தவள், போக மறுத்தவள்

சூஸ்மனைப் பற்றி நல்ல வார்த்தை சொல்பவர்கள் இன்றைக்கும் எருசலேமில் இருக்கிறார்கள். யூதர்களான எங்கள் தொழுகைக்கூடத்தில் அவன் பெயர் அடிபட்டால் தாடியைத் தடவிக்கொண்டு தலையாட்டுவார்கள். நான் அவனோடு ஒரே முற்றத்தில் மூன்று வருஷம் குடியிருந்தவள். அவன் அறைக்கும் என் அறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அதிலும் மேல்பக்கம் விரிசல். அவன் பெயரைக் கேட்டால் நான் காறித் துப்புவேன்.

அவன் பெண்சாதி குரூனா கோழி அறுக்கும் தெருவில் என்னோடு உட்கார்ந்து இறகு பிடுங்குவாள். பாதிக் கதை அவள் வாயால் கேட்டது, மீதி என் கண்ணால் பார்த்தது.

ருஷ்ய நாட்டில், நேமன் ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊரில் அவளுக்கு இரண்டு மாடுகள் இருந்தன. பால் கறந்து, பாலாடைக்கட்டி செய்து சந்தையில் விற்று வீட்டை நடத்தினாள். சூஸ்மன் காலையில் வேதபாடசாலைக்குப் போவான், மத்தியானம் சாப்பிட வருவான், மறுபடி போவான். பிறந்த இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. கால் விளங்காத அக்கா ஸ்லாவா இவளோடுதான் இருந்தாள்.

அந்த ஊரிலிருந்து ஒரு கிழவர் புனித மண்ணில், இந்த எருசலேமில் வந்து வாழக் கிளம்பினார். ஊரே பாட்டுப்பாடி அவரை வண்டி ஏற்றியது. அதைப் பார்த்துவிட்டு வந்த சூஸ்மனுக்கு அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள், "நாமளும் போறோம்" என்றான்.

"அக்காவை யாரு பாப்பாங்க?" என்று கேட்டாள் குரூனா.  அவன் நேராக மதகுருவான ரப்பியின் நீதிமன்றத்துக்குப் போய்விட்டான்.

எங்கள் சட்டம் அப்படி. புருஷன் அந்த மண்ணுக்குப் போகலாம் என்றால் பெண்சாதி போயே ஆக வேண்டும். நல்ல வீட்டை விட்டு மோசமான வீட்டுக்கானாலும் சரி. மறுத்தால், கல்யாணப் பத்திரத்தில் எழுதிய தொகை ஒரு காசும் இல்லாமல் விலக்குச் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே நடக்க வேண்டும். வழிப்பயணம் ஆபத்தானால் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சொன்ன பெரியவர்களும் உண்டு. குரூனா அதையும் கேட்டுப் பார்த்தாளாம். "இப்பத்தான் நீராவிக் கப்பல் ஓடுதேம்மா, என்ன ஆபத்து?" என்று ரப்பி சிரித்தாராம். மாடுகள் விலைபோயின. ஸ்லாவாவைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்தாள். பக்கத்து வீடு என்றால் என்ன, அடுப்படிக்குப் பின்னால் ஒரு பலகை.

இங்கே வந்த பிறகு சூஸ்மன் நடையே மாறிவிட்டது. தெருவில் எவரைப் பார்த்தாலும், "இந்த மண்ணுல நாலு எட்டு வைக்கிறதே புண்ணியம்" என்பான். புண்ணியம் அவனுக்கு. தண்ணீர் இறைப்பது குரூனா. மழை பெய்யாத வருஷம் எங்கள் முற்றத்துத் தொட்டியில் அடித்தண்ணீர்தான் இருக்கும். கொழகொழவென்று, சிவப்புப் புழு நெளிய. புழுவை விழுங்குவது பாவம் என்பதால் துணியை மூன்றாக மடித்து வடிகட்டுவோம். சூஸ்மன் குவளையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பான்.

"இதோ! இதோ ஒண்ணு! என்னைப் பாவியாக்கணும்னே கங்கணம் கட்டியிருக்கா" என்று முற்றம் முழுக்கக் கேட்கக் கத்துவான். அவள் மறுபடி வடிகட்டுவாள். அவன் கத்திய வாயை அலம்பிய தண்ணீரை வாசலிலேயே துப்புவான். அதையும் அவள்தான் துடைப்பாள்.

மூன்றாம் வருஷம் அமெரிக்காவிலிருந்து அவன் சித்தப்பா மகன் எழுதினான். தொப்பிக் கடை வைத்திருக்கிறேன், வா என்று. அன்றிலிருந்து சூஸ்மனுக்குக் கண் எரிந்தது, வயிறு வலித்தது, வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. பஸ்கா பண்டிகை முடிந்த வாரம் சுவர் விரிசல் வழியாக எனக்கு எல்லாம் கேட்டது.

"மூட்டை கட்டு. அடுத்த கப்பலுக்குப் போறோம்."

"நான் வரல."

"என்னது?"

"நான் வரலைங்கறேன்."

"இந்த ஊரைத் தினமும் கரிச்சுக் கொட்டுறவ நீதானே?"

"ஆமா. இந்த ஊரு எனக்குப் பிடிக்கல. உன்னை அதைவிடப் பிடிக்கல."

அதுவரை அவள் அவனை 'நீங்க' என்றுதான் சொல்வாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

 அப்புறம் அவன் நிதானமாகச் சொன்னான்: "சரி. நீ இங்கயே கிட. நான் போயிட்டு எழுதுறேன்."

அந்த 'எழுதுறேன்' எங்கள் தெருவுக்குத் தெரியாததா? எங்கள் முற்றத்திலேயே பெய்லா ஒன்பது வருஷமாகக் கடிதத்துக்குக் காத்திருக்கிறாள். புருஷன் செத்தானா இருக்கிறானா தெரியாது. விலக்குச் சீட்டு இல்லாமல் இன்னொருவனைக் கட்டவும் முடியாது. விடியட்டும் என்றுகூடக் குரூனா காத்திருக்கவில்லை. சுவரைத் தட்டினாள். "அக்கா, காலையில என்கூட ரப்பிகிட்ட வரணும். தனியாப் போனா பேசவே விட மாட்டாங்க."

இறகு ஒட்டிய பாவாடையோடுதான் இருவரும் போனோம். மூன்று ரப்பிகளில் மூத்தவரான ரெப் லீபா நடுவில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் மூக்குப்பொடி டப்பாவைத் திறந்துகொண்டார். சூஸ்மனுக்கு ஆள் அனுப்பினார்கள். அவன் ஓய்வுநாள் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான்.

"பொழைப்பு இல்லன்னா வெளியே போகலாம்னு இருக்கும்மா. புருஷன் போற இடத்துக்குப் போறதுதானே உனக்கு அழகு?" என்றார் ரெப் லீபா.

"பொழைப்புக்கு அவரு போகட்டும் சாமி. என்னை இழுத்துட்டுப் போகச் சட்டம் இருக்கா?"

ரெப் லீபா பொடியை உறிஞ்சாமல் விரலிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"இந்த மண்ணுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தலாம், இங்கேயிருந்து வெளியே போகச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. எங்க ஊர் ரப்பி எனக்கு ரெண்டையும் சேர்த்துத்தான் வாசிச்சுக் காட்டினாரு. அப்போ முதல் பாதிதான் எனக்கு. இப்ப ரெண்டாம் பாதி."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளைய ரப்பி தாடிக்குள் சிரித்தார். சூஸ்மன் குதித்தான்.

"பொய் சொல்றா! இவளுக்கு இந்த மண்ணு மேல என்ன பக்தி? தினமும் சபிக்கிறவ! இதோ நிக்கிறாளே திரெய்னா, பக்கத்து அறைக்காரி, இவளையே கேளுங்க!"

பெண்ணின் சாட்சி அங்கே செல்லாது. ஆனாலும் ரெப் லீபா என் பக்கம் திரும்பினார். "கேட்டிருக்கியாம்மா?"

வெயிலை, புழுவை, துருக்கிச் சிப்பாயை, கழுதையை, கல்லை, இந்த ஊரில் அவள் திட்டாதது ஒன்றும் மிச்சமில்லை. நான் சொன்னேன்: "புருஷனைத் திட்டிக் கேட்டிருக்கேன் சாமி. மண்ணைத் திட்டிக் கேட்டதில்ல."

பொய்தான். இன்றைக்கும் அதற்காக நான் வருத்தப்படவில்லை.

"அப்படின்னா சூஸ்மன், நீ போகணும்னா இவளுக்குச் சீட்டும் கொடுக்கணும், பத்திரத் தொகையும் கொடுக்கணும்" என்றார் ரெப் லீபா.

சூஸ்மன் முகம் வெளுத்தது. கப்பல் செலவு போக ஒன்றுமில்லை, கொஞ்சம் பொறுங்கள், அங்கே போய் அனுப்புகிறேன், பாதியாவது... கறிக்கடையில் பேரம் பேசுகிற மாதிரி பேசினான். வாயோரத்தில் நுரை கட்டியிருந்தது. குரூனா அந்த நுரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பணம் வேண்டாம் சாமி. சீட்டை மட்டும் கொடுக்கச் சொல்லுங்க. இன்னிக்கே."

அவன் முகத்தில் அப்போது வந்ததே ஒரு தெளிச்சி, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. பதினாறு வருஷம் அவள் கையால் தின்றவன். பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

ரெப் லீபா விடவில்லை. "இரும்மா. இங்கேயே வாழணும்னு சொல்லித்தான் சீட்டு கேட்கற. வாங்கின கையோட கப்பல் ஏறிட்டா நாங்க ஏமாளிங்க ஆயிடுவோம். இந்த மண்ணை விட்டுப் போக மாட்டேன்னு எங்க முன்னால வாக்குக் கொடு."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. அவள் உதடு 'ஸ்லாவா' என்று அசைந்ததை நான் பார்த்தேன். சீட்டு கிடைத்ததும் ஊருக்குத் திரும்பி அக்காவைப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் அவள் கணக்குப் போட்டிருந்தாள். என்னிடம்கூடச் சொல்லவில்லை.  சூஸ்மன் காலை மாற்றி மாற்றி வைத்தான்.

"போக மாட்டேன்" என்றாள்.

எழுத்தர் சீட்டு எழுதி முடிக்கச் சாயங்காலம் ஆனது. ஏந்திய அவள் கைகளில் சூஸ்மன் அதைப் போட்டான். போட்ட கையோடு முற்றத்துக்கு வந்து இரண்டு தலையணைகளையும் எடுத்துக்கொண்டான். யாப்பா துறைமுகத்துக்குப் போகும் வண்டி கிளம்புவதற்கு முன் மறுபடி வந்தான். அவள் ஊரிலிருந்து கொண்டுவந்த செம்புச் சட்டியை, அதில் ஊறிக்கொண்டிருந்த பயறைத் தரையில் கவிழ்த்துவிட்டு எடுத்துப்போனான். நானும் அவளும் பயறைப் பொறுக்கினோம்.

இரண்டாம் குளிர்காலத்தில் ஸ்லாவா செத்துப்போனாள் என்று யாரோ எழுதினார்கள். பலகையிலேயே உறைந்து கிடந்தாளாம். குரூனா துக்கம் காத்து ஏழு நாள் தரையில் உட்கார்ந்தாள்.

"போயிருக்கலாம்டி. உன்னை யாரு துரத்திப் பிடிக்கப் போறாங்க?" என்றேன்.

"சொல்லிட்டேனேக்கா" என்றாள். எனக்கு அந்த மூன்று ரப்பிகளின் தாடியையும் கோழி இறகு மாதிரிப் பிடுங்க வேண்டும் போலிருந்தது.

ஐந்தாறு வருஷம் கழித்து அமெரிக்காவிலிருந்து ஒரு மனிதர் தரிசனத்துக்கு வந்தார். வெள்ளைக் கையுறை, வாசனைத் தைலம். எங்கள் முற்றத்தைத் தேடிக்கொண்டு வந்தார்.

"ரெப் சூஸ்மன் இருந்த இடம் இதுதானே? எவ்வளவு பெரிய மனுஷர்! வாராவாரம் எங்க தொழுகைக்கூடத்துல பேசுவார். ஒவ்வொரு யூதனும் இந்த மண்ணுல வாழணும், அப்படி வாழாதவன் கடவுள் இல்லாதவன் மாதிரின்னு சொல்லி அழுவார். நாங்களும் அழுவோம்."

"அப்ப அவரு ஏன் அங்க இருக்காரு?" என்று கேட்டேன்.

"எங்களைத் தட்டி எழுப்ப ஆள் வேணுமே" என்றார் அவர், கொஞ்சமும் சிரிக்காமல். பிறகு ஒரு வெல்வெட் பையை எடுத்தார். "தன்னோட சவக்குழியில போட இந்த மண்ணு கொஞ்சம் கேட்டிருக்கார். அவரோட பெண்சாதி இங்கதான் அடங்கியிருக்காங்களாம்."

குரூனா கையில் கோழியோடு என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"எப்படிச் செத்தாளாம்?" என்று கேட்டாள்.

"காலராவில். புண்ணியவதி. கடைசி மூச்சு வரை இந்த மண்ணை விட்டு வர மாட்டேன்னாங்களாம்."

குரூனா கோழியை என்னிடம் கொடுத்தாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு பையை வாங்கினாள். "உக்காருங்க. நானே கொண்டு வரேன். அந்தப் பொம்பளை கிடக்கற இடம் எனக்குத் தெரியும்."

ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தாள். பை நிறைந்திருந்தது, நூல் கட்டி இறுக்கியிருந்தாள். அந்த மனிதர் கண்கலங்கி, பையைக் கண்ணில் ஒற்றி மூன்று முறை முத்தமிட்டார். மூன்றாம் முறை மூக்கு லேசாகச் சுருங்கியது. ஆனாலும் மார்போடு அணைத்துக்கொண்டு போனார்.

"எங்கேருந்துடி அள்ளின?" என்றேன்.

"கோட்டையோட குப்பை வாசலுக்கு வெளியே. கழுதைங்க நிக்கிற இடம்" என்றாள் குரூனா. கோழியை என் கையிலிருந்து வாங்கி, மடியில் போட்டுக்கொண்டு, பிடுங்கத் தொடங்கினாள்.