ஹாமர்டாலில் ஒளிந்த இடம்

லவோன் பன்றிக்கறியைக் கத்தியால் துண்டு போட்டு ரொட்டிக்கு நடுவே வைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் ஆர்லினைப் புதைத்துவிட்டு எல்லோரும் இப்போதுதான் தேவாலயத்தின் கீழறைக்கு வந்திருந்தார்கள். "நீ போய் உட்காரு" என்று யார் யாரோ சொல்லிப் பார்த்துவிட்டார்கள். கை சும்மா இருக்க மாட்டேன் என்றது.

"கொக்கோட தங்கச்சி நீங்கதானே?"

நிமிர்ந்தாள். தொப்பியைக் கையில் பிடித்தபடி ஒருவன்; பக்கத்தில் அவன் மனைவி.

"எந்தக் கொக்கு?"

"மொட்டைக் கொக்கு. ஆட்டத்துல அவர் பேரு அதான். பேப்பர்ல சாவுச் செய்தி பார்த்துத்தான் நெசப் பேரே தெரிஞ்சுது."

"கண்ணாடியப் பார்த்துட்டுத்தான் வெச்சிருக்கான்." நாலைந்து நாளாக வராத சிரிப்பு வந்தது அவளுக்கு.

அந்த ஆட்டத்தை ஜியோகேஷிங் என்று சொல்வான் ஆர்லின். நெடுஞ்சாலை ஓரம் 'இங்கே ஓர் ஊர் இருந்தது' என்று பலகை நிற்கிற இடங்களில் எல்லாம் ஒரு சின்னப் பெட்டியை ஒளித்துவைப்பான். முன்பின் தெரியாதவர்கள் செல்போனில் இடம் பார்த்துத் தேடிக்கொண்டு வருவார்கள். "இது விளையாடுற வயசாடா?" என்பாள் லவோன். "ஒரு தரம் கூட வாயேன்டி" என்பான். அவள் போனதில்லை.

"ஹாமர்டால் பெட்டி மட்டும் ஒருத்தருக்கும் சிக்கல," என்றாள் அந்தப் பெண். "துப்புன்னு ஒரே வரிதான் போட்டிருக்கார். 'என் தங்கச்சி ஒளிஞ்ச இடம்.'"

லவோனின் கையில் கத்தி நின்றது.

ஹாமர்டால் அவர்கள் பிறந்த ஊர். ரயில் நின்றது, பிறகு ஊரும் நின்றுபோயிற்று. அங்கே ஒரு நாள் கண்ணாமூச்சியில் ஆர்லின் இருட்டும்வரை தேடியும் அவள் அகப்படவில்லை. சிவப்பு ஹேர்கிளிப்பைத் தொலைத்துவிட்டு வந்ததற்கு அம்மாவிடம் அடி வாங்கினாள். ஒளிந்த இடத்தை மட்டும் சொல்லவில்லை. ஆர்லின் தன் கல்யாணத்தன்று கேட்டான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேட்டான். கடைசியாக ஆஸ்பத்திரியிலும் கேட்டான்.

"இப்பவாவது சொல்லேன்டி. எங்க இருந்தே?"

"வீட்டுக்கு வா, சொல்றேன்."

சிரித்தான். வீட்டுக்கு வரவில்லை.

லவோன் இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். "கார் கொண்டாந்திருக்கீங்களா?"

ஹாமர்டாலில் பலகை, புல், காற்று. வேறொன்றும் இல்லை. "இங்கயே இருங்க," என்று இருவரையும் பலகை அருகே நிறுத்திவிட்டு நடந்தாள். அவனுக்குத் தெரியாத இடத்தில் அவன் எப்படிப் பெட்டியை வைத்திருப்பான்? தப்பான இடத்தில்தான் வைத்திருப்பான். அதைச் சொல்லிக் கேலி பண்ண அவன் இல்லை.

தானியக் கிடங்கு இருந்த இடத்தில் காட்டு ரோஜா மண்டிக் கிடந்தது. அதன் பின்னால், கோதுமை லாரிகளை நிறுத்தி எடை போட்ட மேடை, அடியில் அவள் அன்று ஒளிந்த குழி. பாதிக்கு மேல் மண் தூர்ந்துவிட்டது. முட்டி போட்டுக் கையை உள்ளே நுழைத்தாள்.

தகரம் தட்டுப்பட்டது.

பெட்டிக்குள், கண்டுபிடித்தவர்கள் பேர் எழுதவேண்டிய தாள் வெள்ளையாக இருந்தது. அதன் மேல், துருவேறிய பற்களோடு, சிவப்பு ஹேர்கிளிப்.

"கிடைச்சுதா?" பலகைப் பக்கமிருந்து குரல் வந்தது.

லவோன் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினாள். முழங்கால்களை மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

"அம்மா? எங்க இருக்கீங்க?"

கிளிப்பை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு, மூச்சுச் சத்தம் வெளியே கேட்டுவிடாமல் உட்கார்ந்திருந்தாள்.