நாலாவது பக்கம்

கழுவிக் கவிழ்த்த கிளாஸ்களையே ரோசரி மறுபடியும் எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தாள். முன்கூடத்தில் ஜெபமாலை நடந்தது. பெண்கள் இழுத்துச் சொல்லி முடித்த பிறகு, ஆண்களின் குரல் ஒரு சொல் பின்தங்கி வந்து ஓய்ந்தது. நேற்று மத்தியானம் கணவர் யேசுதாசனைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து இறக்கியபோது கதவோரம் நின்று ஒரு தரம் பார்த்தாள். அதோடு அடுப்படிக்கு வந்தவள்தான்.

யேசுதாசனின் தங்கை புனிதா உள்ளே வந்தாள்.

"எத்தன தடவதான் கழுவுவீங்க அண்ணி? கிளாஸுல உள்ள பூவெல்லாம் போயிரும் போல."

ரோசரி குழாயை மூடவில்லை.

"போட்டோ வந்திருச்சு. காவல் வேலைக்குக் குடுத்த ஜாகா பாஸ்ல இருந்தத பெருசாக்கிக் குடுத்தான் கடைக்காரன். அண்ணன் யாரையோ கேட்டுல நிப்பாட்டி 'எங்க போற'ன்னு கேக்கற மாரியே இருக்காரு." சிரிக்கப் போனவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சிரிச்ச மாரி ஒரு படம்கூடவா அண்ணி வீட்டுல இல்ல?"

"இருந்த எல்லாத்தையும் அவருதான அழிச்சாரு."

"சரி விடுங்க. ஆளே போயாச்சு." புனிதா குரலைத் தாழ்த்தினாள். "மூணு மணிக்கு ஃபாதர் வாராரு. பெட்டிய மூடறதுக்குள்ள ஒரு தடவ பக்கத்துல வந்து நில்லுங்க. புந்தோங் ஊரே வந்து உக்காந்திருக்கு. எல்லாரும் பாக்கறாங்க லா."

"பாக்கட்டும்."

புனிதா கூடத்துக்குத் திரும்பிப் போனாள். சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டேகால்.

யேசுதாசனிடம் ரோசரி பேசி மூன்று வருடம் ஆகியிருந்தது. அதற்கு முந்தைய வருடம் மகன் கோலின் மோட்டார் சைக்கிளில் போய் லாரியில் அடிபட்டான். கையில் வைத்திருந்த போனும் அவனோடு நசுங்கியது. மிஞ்சியதெல்லாம் வீட்டுக் கணினிக்குள் இருந்தது. கோயிலில் பாட அவன் பழகிய பாட்டுகள், பிறந்த நாள் படங்கள், தங்கச்சியைக் கேலி செய்து எடுத்த வீடியோ. தினம் ஒரு பாட்டைப் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் அவள் உலை வைப்பாள்.

கணினி வரவர நகரவே மாட்டேன் என்றது. பழைய கணினி விற்கும் கடையின் முதலாளியான சீனத் தவுக்கே, யேசுதாசனிடம் லினக்ஸ் என்று ஒன்றைக் கொடுத்தார். உலகத்தில் யார் யாரோ சேர்ந்து செய்து எல்லோருக்கும் சும்மா கொடுக்கிற சிஸ்டம், பழைய பெட்டிக்கும் வேகம் வந்துவிடும் என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரோசரி பூசைக்குப் போயிருந்த நேரத்தில் அவர் அதைப் போட்டுவிட்டார்.

"ரோசா, இங்க வந்து பாரேன், எப்பிடிப் பறக்குதுன்னு!"

"கோலின் பாட்டப் போடுங்க."

அவர் தேடினார். மத்தியானச் சோறு ஆறிப்போனது. பொழுது சாயும்வரை தேடினார். பழையது எதுவும் அதற்குள் இல்லை. அன்றைக்கு அவள் வாயை மூடியதுதான். பிறகு சோற்றைப் போட்டு மூடிவைப்பாள். சொல்லியே ஆகவேண்டும் என்றால் சுவரைப் பார்த்து, "அரிசி முடிஞ்சிருச்சு" என்பாள்.

அதற்கப்புறம்தான் அவருக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. காவல் வேலை முடிந்து வரும்போது தவுக்கே கடையிலிருந்து யாருக்கும் வேண்டாத கணினியை மோட்டாரில் கட்டிக்கொண்டு வருவார். அதே லினக்ஸை அதில் போடுவார். அழித்துவிட்டு மறுபடியும் போடுவார். ஒற்றை விரலால் என்னத்தையோ தட்டிக்கொண்டிருப்பார். என் பிள்ளையை அழித்தது போதாதென்று ஊர்க் கணினியை எல்லாம் அழிக்கிறார் என்று அவள் நினைத்துக்கொள்வாள். நேற்றுக் காலையில் பள்ளிக்கூடக் காவல் கொட்டகையில் நாற்காலியோடு சரிந்தவர், ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே போய்விட்டார்.

"அம்மா, இங்க வாங்களேன்."

அறைக்குள்ளிருந்து மகள் கிறிஸ்டின் கூப்பிட்டாள். தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலையிலிருந்து வேலைச் சட்டையோடு வந்தவள், இன்னும் அதை மாற்றவில்லை. அப்பாவின் நல்ல படம் ஒன்றாவது இருக்காதா என்று கணினியைத் திறந்திருந்தாள்.

"படம் கெடச்சுதா?"

"படம் இல்லம்மா. லெட்டர். அந்த லினக்ஸ் செய்யற ஆளுங்களுக்கு அப்பா எழுதியிருக்காரு. புதுசு வர வரப் போட்டுப் பாத்து, எது நல்லாருக்கு எது சரியில்லன்னு எழுதி அனுப்பியிருக்காரு. மொத்தம் பதினோரு லெட்டர்."

"வேல இல்லாத வேல."

"கேளுங்கம்மா." உடைந்த ஆங்கிலத்தில் இருந்ததை அவள் தமிழில் சொல்லிக்கொண்டு போனாள். "'ஐயா, நான் ஈப்போவுல ஜாகா வேல செய்றேன். உங்க சிஸ்டம் நல்லா ஓடுது. அதப் போடும்போது திரையில வர்ற நாலாவது பக்கத்துல மட்டும் ஒரு தப்பு இருக்கு. எல்லாத்தையும் அழிச்சிட்டுப் போடுங்கறதுல, நாங்க தேர்ந்தெடுக்கறதுக்கு முன்னாலயே நீங்களே புள்ளி வச்சிருக்கீங்க. எங்கள மாரி ஆளுங்க படிக்காம, அடுத்ததுன்னு அமுக்கிட்டே போயிருவோம். அந்தப் புள்ளிய எடுத்துருங்க.'"

ரோசரி கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுக்கு அவங்க, எல்லாருக்கும் சீக்கிரம் போட்டு முடிக்கணும், அதான் அப்பிடி வச்சிருக்கோம்னு எழுதிட்டாங்க. அப்பா விடல. ஒவ்வொரு தடவையும் நாலாவது பக்கம், நாலாவது பக்கம்னு இதே பாட்டுத்தான். ஒம்பதாவது லெட்டருக்குத்தான் சரின்னுருக்காங்க. புள்ளிய எடுத்துட்டு, அமுக்கறதுக்கு முன்னால இன்னொரு தடவ கேக்கற மாரி செஞ்சிருக்காங்க. அதத் தமிழ்ல நீங்களே எழுதிக் குடுங்கன்னு அப்பாவயே கேட்டிருக்காங்க."

"எழுதுனாரா?"

கிறிஸ்டின் நாற்காலியை விட்டு எழுந்தாள். ரோசரி உட்கார்ந்தாள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்ற படிப்பு. திரையில் இருந்த எழுத்துகளை விரல் வைத்துக் கூட்டிப் படித்தாள்.

'இதை அமுக்கினால் பழையது எதுவும் திரும்பி வராது. வீட்டில் உள்ளவர்களைக் கேட்டுவிட்டீர்களா?'

முன்கூடத்தில் ஜெபமாலை முடிந்து, யாரோ பிளாஸ்டிக் நாற்காலிகளை நகர்த்தினார்கள்.

"ரெண்டாவது வரி எதுக்கு, கணினிக்குள்ள இப்பிடியெல்லாம் யாரும் கேக்கறதில்லயேன்னு அவங்க கேட்டிருக்காங்கம்மா."

"அதுக்கு?"

"'அது கட்டாயம் இருக்கணும். என் வீட்டுல ரெண்டு பேருக்குச் சொந்தமானத நான் ஒருத்தனே அமுக்கிட்டேன்'னு எழுதியிருக்காரு." கிறிஸ்டின் கடைசி லெட்டரைத் திறந்தாள். "நேத்துப் பத்து மணிக்கு ஒரு லெட்டர் வந்திருக்கு. புதுசு தயாராயிருச்சாம். ரெண்டு வரியும் இருக்காம். அப்பா போட்டுப் பாத்துச் சொல்லணுமாம்."

நேற்றுப் பத்து மணிக்கு ரோசரி ஆஸ்பத்திரி வராந்தாவில், அவருடைய அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"இத எங்கிட்ட ஏன்டி சொல்லல அவரு?"

"நீங்க எங்கம்மா பேச விட்டீங்க?"

சொன்ன பிறகு கிறிஸ்டின் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ரோசரி அவளைத் திட்டவில்லை. திரை தானாக அணைந்தது. கறுத்த கண்ணாடியில் தன் முகம் தெரிய, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புனிதா வாசலில் வந்து நின்றாள். "ஃபாதர் வந்துட்டாரு அண்ணி. மந்திரிச்சுத் தீர்த்தமும் போட்டாச்சு. மூடப் போறாங்க." வருகிறீர்களா என்று அவள் இந்தத் தடவை கேட்கவில்லை.

ரோசரி எழுந்தாள். கூடத்தில் இருந்தவர்கள் கால்களை ஒடுக்கி வழிவிட்டார்கள். நாலு பேர் மூடியைத் தூக்கிவிட்டிருந்தார்கள்.

"கொஞ்சம் இருங்க."

அவர்கள் மூடியைத் தூக்கியபடியே ஃபாதரைப் பார்த்தார்கள். அவர் தலையசைத்தார்.

அவள் பெட்டியருகே குனிந்தாள். வெள்ளைச் சட்டைக் கழுத்துக்கு மேலே, தாடைக்கு அடியில், சவரக் கத்தி படாத நரைமயிர் நாலைந்து நின்றது. கட்டைவிரலால் அதைத் தடவிப் பார்த்தாள்.

"இந்த எடத்துல சரியா செரைக்கலியே உங்களுக்கு," என்றாள்.

வெளியே மழை தூறத் தொடங்கியிருந்தது. அவள் கையை எடுக்கக் காணோம். தூக்கி நின்றவர்களுக்குக் கை வலித்திருக்க வேண்டும், மூடியை மெதுவாகச் சுவரில் சாய்த்து வைத்தார்கள்.