மூடிமேல் கிடந்த துணி

1

இந்தக் கதை ஓர் அழுக்குத் துணியில் தொடங்கியது. அது இப்போது என் மேசையில்தான் கிடக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம், முதலில் அவசரம். இந்த இதழ் வியாழக்கிழமை உங்கள் கைக்கு வரும். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு மெக்கானிக் தன் பட்டறைச் சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, இனி எந்த என்ஜினையும் தொடுவதில்லை என்று வீட்டுக்குப் போய்விடுவார். அவர் என் தங்கையின் கணவர். அவரைத் தடுக்க ஒரே ஒரு வாக்கியம் போதும். அதைத்தான் நான்கு நாட்களாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதல் முயற்சி: 'கார் கொதித்தது, அதைவிட அவன் மனம்...'

அடித்துவிட்டேன். இருபது வருடம் வாரப் பத்திரிகையில் எழுதினால் இப்படி வாக்கியங்கள் கொட்டாவி மாதிரி தானாக வரும்.

2

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். மூன்று வாரத்துக்கு முன், நடுப்பகலில், பானெட்டிலிருந்து புகைபோல ஆவி வர, காரை அவர் பட்டறைக்குள் உருட்டாத குறையாகக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"எப்போ சூடு ஏறுது மச்சான்? ஓடும்போதா, நிக்கும்போதா?"

"சிக்னல்ல நின்னா ஏறுது மாப்ளே. வேகமாப் போனா இறங்கிடுது."

"உங்க தொடருக்கு நேர்மாறு. அது ஓடும்போதுதான் எங்களுக்குச் சூடு ஏறுது."

சிரித்துக்கொண்டே குனிந்தார். ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்று போதும். நிற்கும் வண்டிக்கு ரேடியேட்டர் ஃபேன்தான் கதி. அது சுற்றவில்லை. பேட்டரியிலிருந்து நேராக வயர் கொடுத்தார், சுற்றியது.

"மோட்டாருக்கு உயிர் இருக்கு. அப்போ ரிலேதான்."

(ரிலே: தீப்பெட்டியைவிடச் சின்னது. ஃபேனுக்குக் கரண்ட் போகலாமா கூடாதா என்று கதவு திறக்கிற வாட்ச்மேன். பத்திரிகை ஆசிரியர் இந்த வரியை வெட்டச் சொன்னார். வெட்டவில்லை.)

ஹாரனின் ரிலேயைப் பிடுங்கி ஃபேனுக்குப் போட்டு என்ஜினைக் கிளப்பினார். சூடு காட்டும் முள் ஏறியது, ஃபேன் சுற்றியது. கண்டுபிடித்தாயிற்று. என்ஜினை அணைத்துவிட்டு, ஒரு நீலத் துணியை நாலாக மடித்து ரேடியேட்டர் மூடிமேல் வைத்தார்.

அந்தத் துணிதான் அவருடைய சட்டம். சூட்டோடு மூடியைத் திருகினால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். துணி இருந்தால் திறக்கக் கூடாது. ஆறியதைத் தொட்டுப் பார்த்து அவரேதான் துணியை எடுப்பார். துணி இல்லையென்றால் திறக்கலாம். தனியாளாக இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவர். கையில் ஒரு கொப்புளம் வந்ததில்லை.

"ஆறட்டும். ஆவியா எவ்வளவு தண்ணி போச்சுன்னு அப்புறம் பார்க்கணும். அதுக்குள்ள புது ரிலே வாங்கிட்டு வந்துடறேன்."

"சீக்கிரம் வாங்க மாப்ளே. அச்சுக்குப் போற பக்கம் என் கையில இருக்கு."

3

அவர் இருபது நிமிடத்தில் திரும்பி வந்தபோது மூடிமேல் துணி

பலமான காற்றில் துணி

(நாலு பக்கமும் சுவர். எங்கிருந்து வரும் காற்று?)

அப்போது ஒரு பூனை

(பூனையும் கிடையாது.)

மூடிமேல் துணி இல்லை. 'தொட்டுப் பார்த்து எடுத்திருப்பேன் போலிருக்கு' என்று நினைத்துத் திருகினார். பழக்கம் கடிகாரம் பார்க்காது. முகத்தைத் திருப்பியதால் கண் தப்பியது. வலது உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை வெந்துபோயிற்று.

4

"மெக்கானிக்கோட மறதின்னே முடிச்சிடுங்க சார். உருக்கமா இருக்கும்," என்றார் ஆசிரியர்.

அப்படித்தான் மெக்கானிக்கும் நம்புகிறார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு சொன்னார்:

"நான்தான் எடுத்திருக்கேன் மச்சான். எடுத்தது சுத்தமா ஞாபகமில்ல. அப்பாவுக்கும் இந்த வயசுலதான் ஆரம்பிச்சது. முதல்ல அடுப்பை மறந்தார், அப்புறம் எங்களை மறந்தார். இன்னிக்கு என் கையோட போச்சு. நாளைக்கு ஒருத்தர் வண்டில பிரேக்கை மாட்ட மறந்துட்டேன்னா? குடும்பத்தோட போறவங்க மச்சான்."

நான் என்ன செய்தேன்? ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். சுளையிலிருந்த நாரைக்கூட ஒவ்வொன்றாக எடுத்தேன்.

வெளியே வந்ததும் தங்கை கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணா, நீயாவது சொல்லேன். உன் பேச்சைத்தான் கேப்பார்."

5

முடிவு ஒன்று: டாக்டர் ஞாபகசக்தியைச் சோதித்து, 'உங்களுக்கு ஒரு குறையும் இல்லை' என்கிறார். (சோதித்தார், சொன்னார். 'அப்போ துணி எங்கே?' என்று கேட்டார் மாப்பிள்ளை.)

முடிவு இரண்டு: வெள்ளிக்கிழமை பத்துக்கு ஐந்து நிமிடம். மச்சான் மூச்சு வாங்க ஓடி வந்து, 'நிறுத்துங்க!' என்கிறான். (அவனை எனக்குத் தெரியும். இதுவரை மூன்று தடவை அந்த வீட்டுக்குப் போய்க் காபி குடித்துவிட்டுத் திரும்பியவன். இப்போது கார் சூடாகிவிட்டது என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை.)

சரி. அந்த வாக்கியம்.

காருக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து என் தொடரின் பக்கத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன், டீ கவிழ்ந்தது, கைக்கு எட்டிய துணியை எடுத்துத் துடைத்து, காகிதத்தோடு சேர்த்துப் பையில் திணித்துக்கொண்டேன்.

நான்தான் எடுத்தேன்.

6

மற்ற வாசகர்கள் மன்னிக்க வேண்டும். இந்தக் கதைக்கு ஒரே ஒரு வாசகிதான். அந்த வீட்டில் வியாழக்கிழமை சாயங்காலம் என் தங்கை பத்திரிகையைப் பிரித்து, முதலில் என் பக்கத்தைத்தான் சத்தமாக வாசிப்பாள். கை கட்டோடு அவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

தங்கச்சி, மேலே இருக்கிற இரண்டு சொல்லையும் அவருக்குக் கேட்கிற மாதிரி வாசித்தாயா? இல்லை, அண்ணன் மானம் போகுமே என்று பக்கத்தைப் புரட்டிவிட்டாயா? புரட்டியிருந்தால் திரும்பி வா. அவருக்கு மறதி இல்லை. அவர் வைத்த துணி, நான் எடுக்கும்வரை வைத்தபடியே இருந்தது.

இதற்குமேல் என்னால் எழுத முடியாது. நீங்கள் இருவரும் இதை வாசிக்கும் நேரம் உங்கள் வாசலில்தான் நிற்பேன், டீக்கறை படிந்த துணியோடு. காலிங்பெல் அடிக்க மாட்டேன். துணியை நாலாக மடித்துக் கதவின் கைப்பிடிமேல் போட்டுவிட்டு ஓரமாக நிற்பேன்.

மாப்ளே, ஆறினதும் நீங்களே எடுங்க.