செவலை பால் விட்ட மத்தியானம்

பரமானந்தம் பெண்டாட்டியின் சேலையைச் சுற்றிக்கொண்டு மாட்டுத் தொழுவத்துக்குள் நுழைந்தபோது வடகவுஞ்சியில் மேகம் இறங்கி வாசல்வரை வந்திருந்தது. நல்லவேளை, ஊரில் ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. கெண்டைக்கால் தெரிகிற பச்சைச் சேலை, முரட்டு மீசை, கையில் பால்வாளி. பிள்ளை பெற்று உள்ளறையில் படுத்திருந்த லீமா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிள்ளை பிறந்த ஐந்து நாளில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்த கையோடு அழுகையும் வந்துவிட்டது.

ஆறு மாடு நிற்கிற பண்ணை அது. காலையில் முதல் பஸ்ஸில் பால் கேன் கோடைக்கானல் போகும். ஐந்து மாடுகள் யார் உட்கார்ந்தாலும் கறக்கும், குணமான மாடுகள். செவலை கதை வேறு. போன ஐப்பசியில் அது ஈன்ற கன்று மூச்சில்லாமல்தான் பிறந்தது. முட்டிக் குடிக்கக் கன்றில்லாத அந்த மாடு லீமாவின் கைக்கு மட்டும் பால் விட்டது. விரலில் விளக்கெண்ணெய் தொட்டுக்கொண்டு, "ஏ தாயி, ஏ தாயி" என்று அவள் மடியைத் தடவினால் இறங்கிவிடும். அவள் படுத்த நாளிலிருந்து யாருக்கும் சரியாக விடாமல் மடி கட்டிக்கொண்டு நின்றது. அக்கம்பக்கத்தில் எந்த மாடு முரண்டு பிடித்தாலும் லீமாவைத்தான் கூப்பிட வருவார்கள். கைராசிக்காரி என்று பேர். அப்பேர்ப்பட்டவளுக்குத் தான் பெற்ற பிள்ளைக்கு ஒரு சொட்டுப் பால் சுரக்கவில்லை. இந்தக் கொடுமையை யாரிடம் போய்ச் சொல்ல?

பேறுகாலம் பார்க்கப் பெரும்பாறையிலிருந்து வந்திருந்த பரமானந்தத்தின் அக்கா சூசையம்மாள் சும்மா இருக்கவில்லை. மலைப்பூண்டை உரித்து உரித்துப் பாலில் வேகவைத்துக் கொடுத்தாள். கருவாட்டுக் குழம்பு வைத்தாள், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். ஒன்றும் நடக்காமல் போகவே, சங்கை எடுத்து மாட்டுப்பாலில் வெந்நீர் கலந்து புகட்ட ஆரம்பித்துவிட்டாள். "விடு லீமா, இதுக்கு மாட்டுப்பாலுதான்னு இருக்கு போல. எத்தன புள்ளைக வளரலியா?" என்று நல்ல மனசோடுதான் சொன்னாள். லீமாவுக்கு அது நெஞ்சில் குத்தியது. சங்கைப் பார்த்தாலே பொறாமையாக இருந்தது. இப்படியே இன்னும் நாலு நாள் போனால் பிள்ளை தன் மார்பை மறந்தே போகும் என்று பயந்து கிடந்தாள்.

தொழுவத்தில் வாளி உருளுகிற சத்தம் கேட்டது. பரமானந்தம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தான்.

"மடி கல்லாட்டம் கெடக்கு. கிட்டப் போனா ஒதைக்குது. இவ சேலையக் கட்டுனா ஏமாந்துரும்னு பாத்தேன்."

"எந்தச் சேலை? கொடியில கெடந்ததா? அத நேத்துத்தானடா ரெண்டு தடவ சவுக்காரம் போட்டுத் தொவைச்சேன்!"

"தொவைச்சுட்டியா! இவ வாசனைக்குத்தானக்கா கட்டுனேன்!"

"புள்ள பெத்த வீட்டுல அழுக்குச் சேலையப் போட்டு வைக்கச் சொல்றியாக்கும்?"

அக்காளும் தம்பியும் மல்லுக்கு நிற்க, லீமா எழுந்து தலையில் துண்டைக் கட்டிக்கொண்டாள்.

"ஏ புள்ள, பச்ச ஒடம்பு! இந்த ஈரக் காத்துல போனா சன்னி கண்டுரும்."

"அதுக்கும் புள்ள இல்ல மதினி. என்னைத்தான் நம்பிக்கிட்டு நிக்குது" என்றாள் லீமா. பிள்ளையைப் புருஷன் கையில் கொடுத்துவிட்டு நடந்தாள். சூசையம்மாள் முணுமுணுத்துக்கொண்டே மடி கழுவ வெந்நீர் போடப் போனாள்.

செவலை திரும்பிப் பார்த்தது. பெருமூச்சு விட்டு லீமாவின் தோளை நக்கியது. லீமா குந்தி உட்கார்ந்து, அதன் வயிற்றில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். மடி இறுகிக் கொதித்தது. "ஏ தாயி, விட்டுட்டுப் போயிட்டேன்னு கோவமா? ஏ தாயி..." வெகுநேரம் தடவினாள். முதலில் சொட்டு, பிறகு நூல் மாதிரி, பிறகு வாளி அதிரப் பால் இறங்கியது. அந்த நேரம் பார்த்துத் தொழுவத்து வாசலில் பரமானந்தத்தின் கையிலிருந்த பிள்ளை வீரிட்டது.

லீமாவின் மார்பில் ஊசி ஊசியாகக் குத்தியது. ரவிக்கை நனைந்திருந்தது. மாட்டுப்பால்தான் தெறித்துவிட்டது என்று நினைத்தாள். பார்க்கப் பார்க்க ஈரம் படர்ந்தது, இளஞ்சூடாக, இரண்டு பக்கமும். "ஏசுவே!" என்றாள். எழுந்து ஓடியிருப்பாள். ஆனால் நடுவில் கையை எடுத்தால் செவலை பாலை மறுபடி இழுத்துக்கொள்ளும். அந்த மடி இன்னொரு நாள் தாங்காது.

"ஏங்க, புள்ளைய இங்கன கொண்டாங்க."

"மாட்டுக்கிட்டயா? ஒதைச்சிரும்டி."

"நான் இருக்கையில ஒதைக்காது. வெரசா வாங்க. கொக்கிய நீங்கதான் கழட்டணும், என் கையெல்லாம் எண்ணெய்."

பச்சைச் சேலையோடு பரமானந்தம் சாணியில் மண்டி போட்டான். ஒரு கையால் தடுமாறித் தடுமாறிக் கொக்கியைக் கழற்றி, பிள்ளையை ஏந்திப் பிடித்தான். குட்டி வாய் அங்கும் இங்கும் தேடியது. ஒரு தடவை நழுவியது. இன்னொரு தடவையும் நழுவியது. பிறகு கவ்விக்கொண்டது.

வெந்நீரோடு வந்த சூசையம்மாள் ஏசுவதற்கு வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டு, செம்பைக் கீழே வைத்து, தன் கம்பளியை எடுத்து மூன்று பேர்மேலும் போர்த்தப் பார்த்தாள். எட்டவில்லை. தம்பியின் முதுகு வெளியே நின்றது.

"குடிக்குதாடா?" என்றாள் மெதுவாக.

"சத்தம் போடாத."

வாளியில் விழுகிற பாலின் இரைச்சலுக்கு ஊடே, பிள்ளை விழுங்குகிற சத்தம் கேட்கிறதா என்று மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். செவலைகூட அசைபோடுவதை நிறுத்திவிட்டு ஒரு காதை இந்தப் பக்கம் திருப்பியது.