பாடாங் பெசார் மேலாளர் பதவி

சீனத்திலிருந்து புறப்படும் சரக்கு ரயில், லாவோஸையும் தாய்லாந்தையும் கடந்து மலேசிய எல்லையிலுள்ள பாடாங் பெசாரை அடைகிறது. அங்கே எஞ்சின் மாற்றப்பட்டபின், கொள்கலன்கள் பட்டர்வொர்த் துறைமுகத்திற்கு வந்து கப்பலேறுகின்றன. இந்நெடிய பாதை முழுவதிலும் தங்கராஜுவுக்குப் பகையாக வாய்த்தது ஒரு குரல் மட்டுமே. அது ஜாஹிருடைய குரல்.

ஜாஹிர், சரக்கு நிறுவனம் ஒன்றின் பாடாங் பெசார் கிளையில் எழுத்தர். தங்கராஜுவின் மனைவி சாந்தினி, அந்நிறுவனத்தின் ஜார்ஜ் டவுன் அலுவலகத்தில் பணியாற்றினாள். ரயில் எல்லையைத் தொட்டதும் ஜாஹிர் அவளைக் கைப்பேசியில் அழைப்பான். ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டில் அவள் சோற்றுத் தட்டை அப்படியே விட்டுவிட்டு, துணி காயும் பால்கனிக்குச் செல்வாள். கொள்கலன் எண்களும் சிரிப்பும் மாறி மாறிக் கேட்கும்.

"அப்படி என்னதான் சொன்னான்?"

"பேங்காக்ல ரயில் லேட்டாம்."

"அதுக்கா இந்தச் சிரிப்பு?"

"அவன் சொன்ன விதம் அப்படி. சாப்பிடுங்க, ஆறிடும்."

தங்கராஜுவும் அதே நிறுவனத்தில் லாரி ஓட்டுநர். முன்பு எல்லைச் சரக்கு அவனது லாரியில்தான் இறங்கி வந்தது. ரயில் வந்தபின், துறைமுகத்திற்கும் தொழிற்பேட்டைக்கும் இடையே சுற்றிவருவதே அவன் பணியாயிற்று. சக ஓட்டுநரான பஷீர், தேநீர்க் கடையில் எல்லோர் முன்னிலையிலும் சொன்னான்: "ரூட்டத்தான் ரயிலு எடுத்துக்கிச்சு. வீட்டையாச்சும் பூட்டி வைய்யி லா!"

இந்நிலையில், பாடாங் பெசார் கிளைக்கு மேலாளராக வருமாறு சாந்தினியை நிர்வாகம் அழைத்தது. வார நாள்களில் அங்கே தங்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் தர வேண்டும்.

"எனக்குப் போகணும்னு இருக்கு," என்றாள் அவள்.

"அவன் அங்கதானே இருக்கான்?"

"யாரு?"

"தெரியாத மாதிரி கேக்காத."

அவள் தட்டைக் கழுவச் சென்றாள். மறுநாள் காலை, "வெள்ளிக்கிழம வேணாம்னு எழுதிக் குடுத்துடறேன்," என்று மட்டும் கூறினாள். வென்றவனுக்கு உரிய மகிழ்ச்சி ஏனோ தங்கராஜுவுக்கு ஏற்படவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை, ரயிலில் இடமின்றி ஒரு கொள்கலன் பாடாங் பெசாரிலேயே தங்கிவிட்டது. கப்பல் புறப்படுமுன் அதனை லாரியில் கொண்டுவர வேண்டியிருந்தது. பிறர் வாய் திறக்குமுன் தங்கராஜு சாவியை எடுத்துக்கொண்டான்.

"கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கிட்டுப் போ லா," என்றான் பஷீர். "அவன் அழகா இருந்துட்டா கண்ணு கூசும்."

ஜாஹிர் அழகாகத்தான் இருந்தான். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை அணிந்திருந்தான். தங்கராஜுவின் சட்டையோ முதுகோடு ஒட்டியிருந்தது.

"தங்கராஜு அண்ணே! நீங்கதானா? அக்கா ஒங்களப் பத்திச் சொல்லியிருக்காங்க. ஒக்காருங்க, தே தாரேக் டீ சொல்லவா?"

"ஒண்ணும் வேணாம். சரக்குப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டுக் குடு."

ஜாஹிர் கையெழுத்திடவில்லை. சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அண்ணே, ஒங்களுக்கு நான் நன்றி சொல்லணும். அக்காவ இங்க அனுப்ப மாட்டேன்னுட்டீங்களாமே? அவுங்க வரலன்னா அடுத்தது நான்தான். அவுங்க போன்ல சிரிச்சுச் சிரிச்சுப் பேசறப்பல்லாம், இவுங்களா எனக்கு மேனேஜருன்னு வயிறு எரியும். நானும் சிரிப்பேன், வேற என்ன செய்ய?"

தங்கராஜு அவனை உற்று நோக்கினான். இத்தனை நாள் தன் நெஞ்சைத் தின்ற பொறாமை, இவனுடைய உயர்வுக்காகவே ஊதியமின்றி உழைத்திருக்கிறது என்பது அவனுக்கு மெல்ல விளங்கிற்று. சாந்தினிக்கு உரிய நாற்காலியில் இவன் சாய்ந்து அமர்ந்திருக்கும் காட்சி அவன் மனத்தில் எழுந்தது. அதனை அவனால் தாங்க இயலவில்லை. லாரியின் பின்புறம் சென்று மனைவியை அழைத்தான்.

"எழுதிக் குடுத்திட்டியா?"

"இன்னும் இல்ல. இப்பத்தான் எழுதிக்கிட்டிருக்கேன்."

"குடுக்காத. வேலைய எடுத்துக்க."

"ஏங்க, குடிச்சிருக்கீங்களா?"

"வண்டி ஓட்டுறப்ப குடிப்பனா? எடுத்துக்கன்னா எடுத்துக்க லா."

"எனக்காகச் சொல்றீங்களா, இல்ல அவனுக்குப் போயிடக் கூடாதுன்னு சொல்றீங்களா?"

பொய் சொல்ல அவனுக்கு அவகாசம் போதவில்லை. "ரெண்டுந்தான்," என்றான்.

"சரி, எடுத்துக்கறேன். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கக் கூடாது."

ஜாஹிர் கையெழுத்திட்ட தாள்களுடன் வந்தான். "அக்காவா அண்ணே? என்ன சொன்னாங்க?"

"ஒனக்கே தெரியவரும்," என்று கூறி, தங்கராஜு வண்டியில் ஏறினான்.

லாரி நெடுஞ்சாலையை அடைந்தபோது, பல மாதங்களாக அறியாத நிறைவு அவன் உள்ளத்தில் பரவியிருந்தது. வயல்கள் இருபுறமும் பசுமையாக ஓடின. அலோர் ஸ்டாரைக் கடக்கையில்தான், புதிய மேலாளரின் அறைக்குள் நாள்தோறும் தாள்களை ஏந்திச் செல்லப்போகிறவன் யார் என்ற எண்ணம் அவனுக்குத் தோன்றியது. கைப்பேசியை எடுத்தான். பின்பு அதனை இருக்கையின்மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, சாலையைப் பார்த்து ஓட்டினான்.