கொடுத்த நிழல்

அன்று மலைக்குப் போனவர்கள் ஐந்து பேர்: நான், என் தங்கை அம்சத் பீவி, என் மகன் அப்துல் வாஹித், மருமகள் சுமையா, ஜீப் ஓட்டி வந்த ஈஸ்வரபாண்டி. வேறு யாரும் இல்லை. இதைச் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் பார்த்ததாகச் சொல்பவர்கள் இப்போது அதிகம்.

மதுரையில் இருதயத்துக்கு வைத்தியம் பார்த்துத் திரும்பிய அம்சத், மலைத் தர்காவுக்கு நேர்ந்திருந்தாள். அடிவாரத்திலிருந்து தர்கா வாசல்வரை கல்தூண் நிறுத்திக் கூரை போட்ட நடைமண்டபம் என் பூட்டனார் கட்டியது. ஏறுகிறவர்களுக்கு நிழலைச் சதகாவாகக் கொடுத்தவர், தருமமாகக் கொடுத்ததைத் தன் வீட்டார் திரும்ப எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றுமுதல் எங்கள் வீட்டார் மண்டபத்துக்கு வெளியே, பாறையோரம் வெயிலில்தான் ஏறுவது.

"மழ வந்தா என்ன செய்வீக ராவுத்தரே?" என்றான் ஈஸ்வரபாண்டி. அவன் மண்டபத்துக்குள் கையை வீசி நடந்துகொண்டிருந்தான்.

"நனைவோம்."

பாதி மலை ஏறியிருந்தோம். அம்சத்துக்கு மூச்சு வாங்கியது, உதடு கறுத்திருந்தது. சுமையா முந்தானையால் அவளுக்கு விசிறினாள்.

வாஹித் சொன்னான்: "மாமி, நீங்க உள்ளாற போயி உக்காருங்க. உங்களத்தான் கட்டிக் குடுத்தாச்சுல்ல. இந்த முறை உங்களுக்குக் கெடையாது."

போன மாதம் வீட்டு நிச்சயதார்த்தத்தில் அவளை விருந்தாளிகள் பந்தியில் உட்காரவைத்ததும் இவன்தான். அவள் பேசாமல் சாப்பிட்டு எழுந்தாள். இன்று பேசினாள்.

"அப்ப நான் எந்த வீட்டு ஆளுடா? உங்க மாமா மவுத்தாகி நான் ஒத்தையான நாள்லருந்து யாரு வீட்டுச் சோத்தத் திங்கிறேன்?"

"மாமி, ஒடம்புக்காகச் சொன்னேன்."

"ஒடம்பு கெடக்கட்டும்."

"அம்சத், உள்ள போ" என்றேன் நான்.

"நீங்க சொன்னாப் போறேண்ணே. ஆனா திரும்பும்போது என்னய உங்க வீட்டு வாசல்ல எறக்க வேணாம். கம்பத்துல உங்க மச்சானோட தம்பி வீட்டுல விட்டுருங்க."

வெயில் பாறையிலிருந்து எழும்பி முகத்தில் அடித்தது. நிழலுக்குப் போனால் அவள் எங்கள் வீட்டாள் இல்லை. போகாவிட்டால் அவளே இல்லை. இரண்டும் இந்தக் குடும்பத்துக்கு அவமானம்.

நான் தூண்களுக்கு இடையே நுழைந்தேன். இத்தனை வருஷத்தில் அந்தக் கூரையின் அடிப்பக்கத்தை அன்றுதான் பார்த்தேன். வௌவால் எச்சமும் எண்ணெய்ப் பிசுக்குமாக இருந்தது. கல்திட்டில் உட்கார்ந்தேன். கல் குளிர்ந்திருந்தது.

"அத்தா!" என்றான் வாஹித்.

"ஏலே, நீயும் வா. சுமையா, வாம்மா. நம்ம வீட்டு ஆளுக எல்லாரும் இங்கன உக்காரலாம். பூட்டனார் கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்." பிறகு அம்சத்தைப் பார்த்தேன். "இன்னும் என்ன நிக்கிற?"

அவள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நெடுநேரம் மூச்சு வாங்கினாள். ஈஸ்வரபாண்டி தண்ணீர் பாட்டிலை நீட்டினான். வாஹிதும் சுமையாவும் உள்ளே வந்தார்கள். பிறகு நிழலிலேயே மெல்ல ஏறி, தர்காவில் பாத்திஹா ஓதி, நிழலிலேயே இறங்கினோம். ஜீப் எங்கள் வீட்டு வாசலில்தான் நின்றது.

அம்சத் பீவி மயங்கி மண்டபத்துக்குள் விழுந்ததால்தான் ராவுத்தர் வீட்டு முறை முறிந்தது என்று எங்கள் ஊர் உத்தமபாளையத்தில் பேசிக்கொள்கிறார்கள். அவள் மயங்கவில்லை. வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். முதலில் உட்கார்ந்தவன் நான்.